ஆவுளியாவும் ஸ்டெம் செல்லும்: கேள்வி பதில்

தொண்டியிலிருந்து ஒரு மீனவர்: ஐயா, ஸ்டெம் செல்லைக் கொண்டு அழியும் விலங்கை மீட்டுவிடலாம் என்கிறார்களே, நம் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அது ஆகுமா?

பதில்: இப்போதைக்கு ஆகாது, ஐயா. 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா, எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்கு அதைத் திருப்பினார். 2011-இல் அதே வழியில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் தோலிலிருந்தும் ஸ்டெம் செல் உருவாக்கப்பட்டது. அவ்வினத்தின் கடைசி ஆண் 2018-இல் கென்யாவில் இறந்தபின், தாயும் மகளுமாக இரண்டு பெண் விலங்குகளே எஞ்சின. எலியில் இம்முறையால் கருமுட்டையும் குட்டியும் கிடைத்துவிட்டன. காண்டாமிருகத்திலோ, 2022-இல் கருமுட்டைக்கு முந்தைய நிலைச் செல்கள் வரை எட்டினார்கள். ஆவுளியா அந்த வரிசையில் வெகு பின்னால் நிற்கிறது.

கீழக்கரை மாணவி: செல்லுக்காக உயிருள்ள விலங்கைப் பிடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அம்மா. இறந்து கரை ஒதுங்கிய விலங்கின் தோல்துண்டே போதும். ஆனால் நம் கடற்கரை வெயிலில் சில மணி நேரம் கடந்தாலே செல்கள் கெடத் தொடங்கிவிடும். பழக்கத்தால் பலர் அத்துண்டை ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். அது காட்சிக்கூடத்துக்கு உதவுமே தவிர, செல் வளர்ப்புக்கு உதவாது. ஊட்டக்கரைசலில் இட்டு, உறையவிடாமல் குளிர்ச்சியாகவே ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று வளர்த்தபின், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் பல்லாண்டுகள் வைத்திருக்கலாம். அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக்காட்சியகத்தில் 1975 முதல் இப்படிச் சேமித்து வருவதால்தான் காண்டாமிருகத்துக்கு இன்று ஒரு வழி தெரிகிறது. ஆவுளியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளதால், நாமாகக் கத்தி வைக்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் பாசி எடுக்கும் ஒரு பெண்மணி: கருவை உண்டாக்கிவிட்டாலும் சுமப்பது யார்?

பதில்: விஞ்ஞானிகளையே திணறவைக்கும் கேள்வி இதுதான், அம்மா. வடக்குக் காண்டாமிருகத்தின் கருவைத் தெற்கத்தி இனப் பெண் காண்டாமிருகம் சுமக்கலாம். ஆவுளியாவுக்கு அப்படியொரு நெருங்கிய உறவில்லை; அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை 1768-க்குள் மனிதன் கொன்று தீர்த்துவிட்டான், மனாட்டி என்ற கடல் பாலூட்டியோ வேறு குடும்பம். ஆகவே ஆவுளியாவே சுமக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியைத்தான் ஈனும், அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இராமேசுவரம் ஆசிரியர்: அப்படியானால் செல்லைச் சேமிப்பதில் என்ன பயன்?

பதில்: எண்ணிக்கை சுருங்கும்போது மரபணு வேறுபாடும் சுருங்குகிறது. இன்று இறக்கும் ஒவ்வொரு விலங்கின் செல்லையும் வைத்திருந்தால், பிற்காலத்தில் அவ்வேறுபாட்டை மீட்க ஓர் இடம் இருக்கும். அதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆவுளியா காப்பகத்தை இரண்டாம் இடத்தில் வைக்கச் சொல்லவில்லை. நாள்தோறும் கிலோக்கணக்கில் கடற்புல் மேயும் விலங்கு அது. இழுவைமடி அந்தப் புல்லை வாரிச் சென்றால், ஆய்வகக் குட்டியை எங்கே விடுவது?

தொண்டி மீனவர் மீண்டும்: வலையில் உயிரோடு சிக்கினால்?

பதில்: வலையை அறுத்தாவது உடனே விட்டுவிடுங்கள், மூச்சுவிட மேலே வர முடியாவிட்டால் சில நிமிடங்களில் மூழ்கி இறந்துவிடும். விட்டபின் இடத்தையும் நேரத்தையும் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.