அதே படமா, ஐயா?

கேள்வி: 1986-ல் எங்கள் பக்கத்து டென்ட் கொட்டகையில் ஐந்து தடவை பார்த்து, வசனமே மனப்பாடம் ஆகிப்போன படம். போன ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை வீட்டு டிவியில் பார்த்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, சப்பென்று இருந்தது. படம் மோசமா, எனக்கு வயதாகிவிட்டதா? இப்போதெல்லாம் மாம்பழத்தில்கூட அந்த ருசி இல்லை.
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வயதுக்கு நாங்கள் ஜவாப்தாரி இல்லை. உங்கள் கேள்வியில் எங்களை உறுத்துவது 'அதே' என்ற இரண்டெழுத்துதான். 1986-ல் நீங்கள் குடியிருந்தது தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே மாவட்டம் மாறிய ஊர்க்காரர், 'அதே' என்று இத்தனை தைரியமாக எழுதலாமா? ('தருமபுரி' என்று 'ரு' போடாததற்காக மாதம் தவறாமல் எங்களுக்குக் கார்டு போடும் அன்பர் இந்த மாதமும் போடுவார். போடட்டும். தபால் இலாகாவுக்கும் வருமானம் வேண்டும்.)

கொட்டகையில் நீங்கள் பார்த்த படம் வேறு, ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் வேறு. கதை மட்டும்தான் ஒன்று.

முதலில் அகலம். நீங்கள் எழுதியிருப்பது ஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம். உயரம் 1 என்றால் அகலம் 2.35. உங்கள் டிவியின் அகலம் 1.78. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டினால் படம் முழுசாக வரும். 'காசு கொடுத்து வாங்கின டிவியில் பாதி கறுப்பா?' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து திரையை நிரப்பினால், படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு ஓரத்தில் அறுந்து போகும். பழைய சதுர டிவிக்காக அறுத்த பிரதியாக இருந்தால் நூற்றுக்கு 43 பங்கு காணாது. 1973-ல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப்பாக வந்ததிலிருந்து, அண்ணனை ஒரு ஓரத்திலும் தம்பியை மறு ஓரத்திலும் நிறுத்தி நடுவில் வெறும் இடம் விட்டுச் சண்டையைச் சொல்வது நம் கேமராக்காரர்களுக்குப் பிடித்தமான வேலை. அறுத்த பிரதியில் அண்ணன் மூக்கும் தம்பி காதும் பேசிக்கொள்ளும். நடுவில் இருக்கும் பூஜாடி மட்டும் முழுசாகத் தெரியும்.

அடுத்தது வேகம். பிலிம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம் (ஒவ்வொன்றும் ஒரு தனிப் படம்), நிமிடத்துக்கு 90 அடி. நம் ஊர் டிவி முறை நொடிக்கு 25. அந்த ஒரு பிரேமுக்காகப் படத்தையே 4 சதவீதம் விரட்டி ஓட்டிப் பதிவு செய்த பிரதிகள் உண்டு. கூடவே சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. உங்கள் கதாநாயகனின் கனத்த குரல் ஏன் ஜலதோஷம் விட்ட பையன் குரல்போல் இருந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, நாமெல்லாம் அதற்குள் இடம் பிடித்துக்கொண்டிருப்போம், அதை நிறுத்திப் பாருங்கள். நீளம் மீட்டரில் இருக்கும். 27.4-ஆல் (90 அடி என்பது அவ்வளவு மீட்டர்) வகுத்தால் கொட்டகையில் ஓடிய நிமிடம் வரும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம் என்று காட்டினால் விரட்டியிருக்கிறார்கள். 125 என்று காட்டினால் வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் போவது பாட்டு. பாட்டுக்குப் பின் கதாநாயகி எதற்காக அழுகிறாள் என்று தெரியாமல் நீங்கள் டீ போட எழுந்து போயிருப்பீர்கள்.

ராத்திரிக் காட்சியைப் பார்த்தீர்களா? அந்தக் காலத்தில் காட்டிலும் மேட்டிலும் ராத்திரி எடுக்க விளக்கும் ஜெனரேட்டரும் கட்டுப்படியாகாது. பட்டப்பகலில் நீல ஃபில்டர் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, லேபில் பிரிண்ட் போடும்போது இன்னும் இருட்டாக்குவார்கள். கொட்டகையில் அது நிலா வெளிச்சம். டிவிக்கு மாற்றும் புண்ணியவான் 'படம் மங்கலாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைத் தூக்கிவிடுகிறார். விளைவு, வில்லன் உச்சி வெயிலில் டார்ச் அடித்துக்கொண்டு, தரையில் கறுப்பாக விழுந்த தன் நிழலையே மிதித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் பதுங்கிப் போகிறார். நீங்கள் சிரித்திருப்பீர்கள். 1986-ல் அந்த இடத்தில் பக்கத்து ஆள் தொடையைப் பிடித்திருப்பீர்கள்.

இன்னொரு சனியன் டிவிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாத பிரேமைத் தானாகக் கற்பனை செய்து செருகும் வசதி. எல்ஜியில் 'ட்ரூ மோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'. பேர்தான் வேறு, செய்கிற பாவம் ஒன்று. இது ஓடிக்கொண்டிருந்தால் எந்த சினிமாவும் மதியம் இரண்டு மணி சீரியல்போலத்தான் தெரியும். கடையில் கிரிக்கெட் போட்டுக் காட்டுவதற்காக வைத்ததை வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் அணைப்பதில்லை. பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள், அதற்கு மேலும் இது தனியாக உயிரோடு இருந்தால் அணையுங்கள். பிறகு பாட்டில் மாட்டுவண்டி வரும்வரை காத்திருங்கள். சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டையாக இருந்தால் அகல அமைப்பு தப்பு. இந்தச் சோதனைக்கு நிலாவும் உதவும், ஆனால் நம் படங்களில் மாட்டுவண்டிதான் நிச்சயமாக வரும்.

மாம்பழத்துக்கு வருவோம். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் வாயைக் கிளறிவிட்டீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பழம் சப்பென்று இருக்கிறது என்பவர், ரோட்டோரத்தில் மலிவு என்று பெங்களூராவை வாங்கியிருப்பார். கிளிமூக்கு என்று கொஞ்சினாலும் அது கூழ் ஃபாக்டரிக்கென்று விளைகிற ஜாதி. அதைக் காயாகக் கீறி உப்பு மிளகாய்ப்பொடி தடவித் தின்ன வேண்டும். பழமாகத் தின்ன செந்தூரா இருக்கிறது, மல்கோவா இருக்கிறது. கார்பைடு கல் வைத்ததா என்று அறியக் காம்புப் பக்கம் முகருங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சள், வாசனை மட்டும் இல்லை என்றால் வைத்துவிட்டு நகருங்கள். கார்பைடு சட்டப்படி கூடாது. பழுக்கவைக்க எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. ஆனால் முற்றாத காயைப் பறித்தால் எந்த வாயு வைத்தாலும் உள்ளே புளிப்புதான்.

பழம் போதும், கொட்டகைக்குப் போவோம். முக்கியமானதை விட்டுவிட்டோம். உங்கள் கொட்டகையில் ஒற்றை மெஷின். 1,000 அடி ரீல் ஓடுவது 11 நிமிடம். இரண்டை ஒட்டிச் சுற்றினாலும் 22. ரீல் தீர்ந்தால் நிறுத்தி, மாட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். அந்த நிறுத்தங்களில் மூன்றை இடைவேளை என்று அறிவித்து முறுக்கு விற்பார்கள். சேலத்தில் ஓடித் தேய்ந்து, ஒட்டுப்போட்டு வந்த பிரிண்ட் வேறு நடுவில் அறுந்து தன் பங்குக்கு நிறுத்தும். கதை தொய்கிற இடத்தில் நீங்கள் வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது நிறுத்தாமல் 146 நிமிடம் பார்த்தால் தொய்வு தொய்வாகத்தான் தெரியும்.

இத்தனையும் சரி செய்த பிறகும் படம் சப்பென்று இருந்தால்? இருக்கலாம். கதையோடு ஒட்டாமல் தனியாக எழுதித் தனியாக எடுத்துச் செருகிய காமெடி டிராக், எந்த டிவியில் போட்டாலும் செருகலாகத்தான் இருக்கும். வேண்டாம் என்கிற பெண்ணைக் கதாநாயகன் பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாகத் துரத்துவதும் அப்படித்தான். அதைப் பார்க்க முடியாமல் எழுந்திருந்தால் டிவியை நோண்ட வேண்டாம்.

படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து நாங்கள் நீக்கிவிட்டோம். அவருக்கு உங்கள் ஊரில் இன்னும் மன்றம் இருக்கலாம். நீங்களோ வீட்டுக் கதவெண்ணோடு கடிதம் போட்டிருக்கிறீர்கள்.