மெசோடின்ட்: கறுப்பு ஏன் சாம்பலாகிறது?

(மெசோடின்ட் என்பது தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கிக் கறுப்பாக அச்சாகும்படி செய்து, ஒளி வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வெளுப்பாக்கும் அச்சுக்கலை.)

கேள்வி: செப்புத் தகட்டில் எட்டுத் திசையில் ராக்கர் (வளைந்த விளிம்பில் பல் கொண்ட கருவி) ஓட்டினேன். அச்சில் கறுப்பு சாம்பலாக விழுகிறது, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் வேறு. மையை மாற்றவா?

பதில்: மை இருக்கட்டும், முதலில் தகட்டைப் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸ் வழியே பார்த்தால் ஆங்காங்கே பழைய பளபளப்பு தெரியும். வெள்ளைப் புள்ளிகள் விழுவது அங்கேதான். ராக்கரின் பல் இறங்கிய இடத்தில் குழியும் அதன் ஓரத்தில் மேலெழும்பிய உலோகப் பிசிறும் உண்டாகும். மெசோடின்ட்டின் ஆழமான கறுப்பு, அந்தப் பிசிறு பிடித்துவைக்கும் மைதான். எட்டுத் திசை போதாது. நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை எல்லாம் ஓட்டிய பிறகு இடைக்கோணங்களிலும் ஓட்டுங்கள்; 20 முதல் 40 முறை வரை ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு பொட்டு மினுக்கம்கூட இல்லாமல் தகடு வெல்வெட் போல மங்கினால்தான் வேலை முடிந்தது.

ராக்கரை முன்னால் தள்ளாதீர்கள். கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாலே தானாக நகரும். தள்ளினால் பல் குத்தாமல் கீறும். மழுங்கிய பல் பிசிறை எழுப்பாமல் அமுக்கிவிடும். தீட்டும்போது சாய்வுப் பக்கத்தை மட்டும், வளைவு கெடாமல் தீட்டுங்கள். கோடு வெட்டிய பக்கத்தைத் தேய்த்தால் பல்லே போய்விடும்.

தகடு சரியாக இருந்தும் சாம்பல்தான் என்றால், அழுத்தித் துடைக்கிறீர்கள். தகட்டை இளஞ்சூடாக்கி, மையை இளக்கி, துணியை லேசாக ஓட்டுங்கள். தாளும் உள்வரை ஈரமாக இருக்க வேண்டும், மேலே நீர் மினுங்கக் கூடாது.

கேள்வி: ஒளி விழும் இடத்தை அதிகமாகச் சுரண்டிவிட்டேன். வெள்ளைக்குள் சாம்பல் வளையம் வருகிறது.

பதில்: சிறிய இடத்தைக் குழியாகத் தோண்டியிருக்கிறீர்கள். விளிம்பில் தேங்கும் மையைத் துணி எட்டுவதில்லை. சுற்றிலும் கொஞ்சம் சுரண்டிக் குழியை அகலமான சரிவாக்குங்கள். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழவழப்பாக்கும் கருவியான பர்னிஷரால் தேயுங்கள். இனிமேல் சுரண்டும் கருவியான ஸ்க்ரேப்பரைப் படுக்கையாகப் பிடித்து, பிசிறின் நுனியிலிருந்து படிப்படியாக இறங்குங்கள். இருள் திரும்ப வேண்டுமானால் சின்ன ராக்கரால் மறுபடி ஓட்டலாம். ரூலெட் என்ற பல் வைத்த சிறு சக்கரமும் உதவும், ஆனால் அதன் புள்ளிகள் தனியாகத் தெரியும்.

கேள்வி: ஒரு தகட்டில் எத்தனை பிரதி எடுக்கலாம்?

பதில்: செம்பு மென்மையானது, ஒவ்வொரு அச்சிலும் பிசிறு நசுங்கும். நல்ல பிரதிகள் சில டஜன்தான் தேறும். அதனால்தான் 1820-களில் ஆங்கிலேயச் செதுக்குக் கலைஞர் தாமஸ் லப்டன் போன்றோர் எஃகுத் தகட்டுக்கு மாறினார்கள். இன்று செம்பின்மேல் மின்முலாம் வழியே மெல்லிய இரும்புப் படலம் ஏற்றுகிறார்கள். சோதனை அச்சு பார்த்து, திருத்தமெல்லாம் முடித்த பிறகே முலாம் பூசுங்கள்.