முடிச்சு நழுவுவதும் புல் விறைப்பதும்

எம்பிராய்டரியில் நீங்கள் கேட்டது இரண்டு: பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் சிறு குமிழ் முடிச்சு) துணிக்குள் நழுவிப் பின்பக்கம் போய்விடுகிறது, நேர்த்தையலில் (ஒற்றை நேர்கோடாகப் போடும் தையல்) போட்ட புல் வேலி மாதிரி விறைத்து நிற்கிறது.

முடிச்சு நழுவுவது, ஊசி மேலே வந்த அதே துளையிலேயே திரும்ப இறங்குவதால். துணியின் ஒன்றிரண்டு இழை தள்ளிக் குத்துங்கள். மறுகையால் நூலை இழுத்துப் பிடித்து, சுற்று துணியோடு ஒட்டி உட்கார்ந்த பிறகே ஊசியைக் கீழே இழுங்கள். பிடியை முன்பே விட்டால் மேலே கண்ணி தொங்கும். பெரிய முடிச்சுக்குச் சுற்றைக் கூட்டாதீர்கள், ஊசியில் கோக்கும் நூலின் இழையைக் கூட்டுங்கள். நாலைந்து சுற்று போட்டால் முடிச்சு ஒருபக்கம் சரியும்.

புல்லில் குறை உங்கள் கையில் இல்லை. எல்லாப் புல் தாளும் ஒரே தடிமன், ஒரே உயரம், அவ்வளவுதான். ஆறிழை நூலைப் பிரித்து 1, 2, 3 இழையாக மாற்றிப் போடுங்கள். வெளிர்பச்சை ஓரிழை, கரும்பச்சை ஓரிழை சேர்த்து ஒரே ஊசியில் கோத்தால் நிறம் தானே அசையும். அடிப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்க வேண்டாம். சில தாள்கள் குறுக்கே வெட்டட்டும். நீளமான தாளைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, நடுவில் ஓரிழைச் சிறு தையலால் வளைத்துப் பிடியுங்கள். காற்று அடித்த மாதிரி சாயும், அழகாக இருக்கும்!