அம்மம்மாவின் கிளினிக் கொப்பியும் ஒன்பது ஏயும்

சாதாரண தரப் பெறுபேறு வந்து மூன்றாம் நாள் திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு குடும்பம், உயர்தரத்தில் என்ன படிப்பது என்று கேட்க என்னிடம் வந்தது. தாய், மகள், கூடவே தாயின் போனுக்குள் கனடா மாமா. பிள்ளைக்கு ஒன்பது ஏ. ஆனால் தாயின் முகம் செத்த வீட்டுக்குப் போய் வந்தது போல இருந்தது.

"சேர், இவள் பயோ செய்ய மாட்டாளாம். மற்ஸ்தான் வேணுமாம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை டொக்டராகாமல் வேற என்னத்தைச் செய்யிறது?"

முதல் ஐந்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது போனிலிருந்து குரல் வந்தது: "இங்க கம்பஸ் கிடைக்காட்டி வெளிநாட்டில மெடிசின் படிக்கட்டும். சாம்பல்தீவுக் காணியை வித்தாச் சரிதானே." அதோடு ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

அந்தக் காணி தாயின் சீதனக் காணி. விற்கச் சொன்னவருக்கு அதில் ஒரு பேர்ச் கூட இல்லை. வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் டொலரில்தான் கேட்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் பாதிப் படிப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிய முன், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையைத் தாண்ட வேண்டும். அதற்குப் போகிற காலத்தைக் காணி விற்கிற கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. "பிள்ளை கேட்காத படிப்புக்குக் காணி விற்க நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்" என்று மாமாவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

பிறகு பிள்ளையிடம் கேட்டேன்: ஏன் மற்ஸ்?

அவள் பதில் சொல்லாமல் ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே அவளுடைய அம்மம்மாவின் கிளினிக் கொப்பி. மாரடைப்பு வந்து இரண்டு வருடமாக மாதாமாதம் கிளினிக் போகிறவர். ஓரம் மடிந்து, ஒரு பக்கத்தில் தேத்தண்ணிக் கறையும் படிந்த கொப்பி அது. அதிலிருந்த பிறஷர் அளவுகளையெல்லாம் இவள் போனில் எக்செல் அட்டவணையாக்கி, வரைபும் கீறி வைத்திருந்தாள். வீட்டுக் கருவியில் எடுத்த அளவுகள் பக்கத்து நிரலில். கிளினிக் அளவு சில மாதங்களில் மட்டும் எகிறியிருந்தது. அவை எல்லாம் இரத்தம் எடுக்கிற மாதங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அம்மம்மா காலை மாத்திரையையும் போடாமல் போய்விடுவாராம். அதை டொக்டரிடம் காட்டியபோது, சாப்பிடாவிட்டாலும் பிறஷர் மாத்திரையைக் கொஞ்சத் தண்ணீரோடு போட்டுவிட்டு வரலாம் என்று சொல்லி, கூட்ட இருந்த மாத்திரை அளவைக் கூட்டாமல் விட்டாராம்.

தாய்க்கு இந்தக் கதை அன்றுதான் தெரியும்!

ஒருவருக்கான சிகிச்சையை அவருடைய தரவை வைத்தே தீர்மானிப்பது என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்களே, அதன் அரிச்சுவடியை இந்தப் பிள்ளை தானாகவே எழுதியிருந்தாள். மருத்துவத் தரவைப் புள்ளிவிபரவியலால் அலசும் இந்தத் துறை இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதுவரை மாரடைப்பு வராத ஒருவருக்கு அடுத்த பத்து வருடத்தில் அது வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டே கொலஸ்ட்ரோல் மாத்திரை தொடங்குவதா என்று பல இடங்களில் முடிவெடுக்கிறார்கள். இந்த வகைக் கணக்குக்கு அடித்தளம் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர். 1948இல் தொடங்கி 5,209 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அநேகமாக எல்லோரும் வெள்ளையர். பிரித்தானியாவில் இதே கணக்கைப் போடும் கியூரிஸ்க்3 கணிப்பில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசியர் தனித்தனிப் பிரிவாக உண்டு. நம்மவர் "ஏனைய ஆசியர்". உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகத்தை 21 பிராந்தியங்களாகப் பிரித்து இந்த ஆபத்துக் கணிப்புக்கான அட்டவணை வெளியிட்டபோது இலங்கையை இந்தோனேசியா, தாய்லாந்தோடு சேர்த்துத் தென்கிழக்காசியாவில் போட்டது. இந்தியா இருப்பது தெற்காசியாவில். ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வில் இலங்கை தெற்காசியாவோடு. அதில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. சரி, இன்னும் மாரடைப்பு வராத எங்கள் ஊர் அம்மம்மா ஒருவரை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது? அட்டவணை சொன்னதும் ஊரில் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஆயிரக்கணக்கான கொப்பிகளைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆபத்தைக் குறைத்துக் கணித்தால் மாத்திரை தேவைப்பட்டவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

மருந்திலும் இதே கதைதான். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கக் கொடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரை, ஈரலில் ஒரு நொதியம் மாற்றிய பிறகே வேலை செய்யும். அந்த நொதியம் மந்தமாக இருக்கிற மரபணு வகை ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். அமெரிக்காவில் 2010இலேயே மருந்தின் விபரத்தாளில் கட்டமிட்டு எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். (இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

இந்த வேலைக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், புள்ளிவிபரவியல் வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இரசாயனத்தை விட்டு ஐ.சி.டி. எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதை விளங்க அது உதவும், பொறியியல் கதவும் மூடாது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு விஞ்ஞான பீடங்களில் புள்ளிவிபரவியல் படிக்கலாம். வீட்டை விட்டு அனுப்ப மனமில்லை என்றால் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் உண்டு. எதிலும் கற்கைக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த வீடென்றால் மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக்குகிறோம் என்று பேஸ்புக்கில் வருகிற விளம்பரங்களுக்கு ஒரு சதம் கட்ட வேண்டாம். புள்ளிவிபரக் கணக்குக்கான 'ஆர்' மென்பொருள் இலவசம்; இன்றே இறக்கிப் பழகலாம்.

"உயிரியல் படிக்காமல் இதயத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் மாமா. நல்ல கேள்விதான். உயிரியலை இருபத்திரண்டு வயதில் புத்தகம் வைத்துப் பிடித்துவிடலாம். கணிதத்தை அந்த வயதில் முதலிலிருந்து தொடங்கியவர்களில் தப்பியவர்கள் குறைவு. வேலையைப் பற்றியும் ஒளிக்கவில்லை: வைத்தியசாலையில் இந்தப் பெயரில் கதிரை போட்டு வைத்திருக்க மாட்டார்கள். மருந்துப் பரிசோதனை ஆய்வுகள், காப்புறுதி, சுகாதார மென்பொருள் நிறுவனங்கள் என்றுதான் தொடங்க வேண்டிவரும்.

மாமா "யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டார். படிவம் நிரப்பப் போவது தாயும் மகளும் என்பதால் அவருடைய பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

எழும்பும்போது பிள்ளையிடம் ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். அடுத்த கிளினிக் நாளிலிருந்து அட்டவணையில் இரண்டு நிரல் கூட்ட வேண்டும்: மாத்திரை போட்ட நேரம், பிறஷர் பார்க்க முன் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவள் போனை எடுக்க முன்பே தாய் கைப்பையில் பேனை தேடிக்கொண்டிருந்தார்.