ஐயாவின் ராலிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: கோட்டையூரில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இரண்டு சைக்கிள்கள் நாற்பது வருடமாகக் கிடக்கின்றன. ஒன்று ராலி, இன்னொன்று ஹெர்குலிஸ். இரண்டையும் ஐயா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாக வீட்டில் சொல்வார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போது, பதினான்கு வயது மகளோடு கானாடுகாத்தான் வரை ஓட்டிப் போய்வர ஆசை. ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "ராலியின் பின் ஹப் போய்விட்டது, டயர் இனிக் கிடைக்காது. முழுக்கப் பிரித்து, பவுடர் கோட்டிங் அடித்து, நிக்கல் ஏற்றி 18,000 ரூபாய்க்குப் புதுசு போலத் தருகிறேன், இல்லையென்றால் இரண்டையும் 10,000-க்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பெயிண்ட் அடிக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். அதைவிட முக்கியம், இரண்டு சைக்கிளும் வீட்டு முகப்பைத் தாண்டி வெளியே போக வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுவில் உள்ள குடம். நான் கேட்டபடி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயர், அதன் கீழே ஏ.டபிள்யூ., பக்கத்தில் 52, அப்புறம் ஒரு 4. 1952 ஏப்ரலில் செய்த மூன்று கியர் ஹப் என்று அர்த்தம். தன் பிறந்த தேதியைத் தானே பொறித்து வைத்திருக்கும் சாமான் இது. புரோக்கர் பெடலைச் சுற்றிப் பார்த்து, "பாரமாக இருக்கிறது, உள்ளே போய்விட்டது" என்றிருப்பார். உள்ளே எதுவும் போகவில்லை. கியர் கம்பி அறுந்து தொங்குகிறது, அவ்வளவுதான். இந்த ஹப்பில் கம்பி தளர்ந்தால் அது தானாகவே மூன்றாவது கியருக்குப் போய்விடும். மூன்றாவது கியர், நேர் கியரான இரண்டாவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக பாரம். யார் மிதித்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

ஹப்பை மாற்றுகிறேன் என்று சொல்பவர், கழற்றியதைக் குப்பையில் போடுவார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த ஒரு ஹப்புக்காகவே இரண்டு சைக்கிளையும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹப்பின் நடுவில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து, தையல் மெஷின் எண்ணெயைவிடக் கொஞ்சம் கனமான எண்ணெயை ஒரு டீஸ்பூன் விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு நாள் ஊற விடுங்கள். கியர் லீவரும் கம்பியும் இன்றைக்கும் புதிதாகவே வருகின்றன. 2000-இல் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி தைவான்காரர்கள் கைக்குப் போனது, ஆனால் மூன்று கியர் ஹப் செய்வதை அவர்கள் நிறுத்தவில்லை. கம்பியைப் போட்டதும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பெடல் வெற்றாகச் சுற்றும் இடம் ஒன்று உண்டு. கம்பியின் இழுவை சரியாக இல்லையென்றால், எழுந்து நின்று மிதிக்கும்போது கால் சறுக்கி பார் மேல் விழுவீர்கள். வீட்டு வாசலிலேயே பத்து முறை மாற்றி மாற்றிச் சரிபார்த்த பிறகுதான் ரோட்டுக்கு.

டயர் கிடைக்காது என்பது அடுத்த பொய். 28-க்கு 1½ டயர் இன்றைக்கும் இந்தியாவில் செய்கிறார்கள். பால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், கீரை விற்கிறவர் எல்லோரும் வேறு எதில் ஓட்டுகிறார்கள்? கழனிவாசலில் உள்ள ஒரு சின்னக் கடையில் போய் "பெரிய சைக்கிள் டயர்" என்று கேட்டால் தலைக்கு மேலே தொங்குவதை எடுத்துக் கொடுப்பார்கள்.

இனி வெளியே கொடுக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம்.

இருபது வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு ஹம்பர் இருந்தது. ஹம்பர் என்றால் முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய் இருக்கும், அதுதான் அதன் அழகு. நிக்கல் ஏற்றக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து வந்தது. கண்ணைக் கூசும் பளபளப்பு. அந்தப் பளபளப்பில் மயங்கிப் பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் மனைவி கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து, "இதில் ரெட்டைக் குழாய் இருக்குமே?" என்றாள். ஃபோர்க் ஒற்றைக் குழாய். சீட்டும் மாறியிருந்தது, புரூக்ஸ் தோல் சீட் போய், ரெக்சின் சுற்றிய ஏதோ ஒன்று. திரும்பப் போய்க் கேட்டால், "நீங்க கொடுத்ததே இதுதானுங்க" என்றார்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

சரி, புகார் கொடுப்போம் என்று காவல் நிலையம் போனால் அங்கே இருந்தவர் என்னிடம் கேட்டது ஆர்.சி. புத்தகம். சைக்கிளுக்கு! ஒரு காலத்தில் நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் வருடா வருடம் சைக்கிள் வரி கட்டி வில்லை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டியிருந்தது. அதை ஒழித்தது நல்லதுதான். ஆனால் இன்றைக்கு உங்கள் சைக்கிள் உங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. தூணுக்கும் கதவுக்கும் ஆள் வந்து அளவெடுத்துப் போகிறார்கள். அதே வீட்டிலிருந்து லாரி லாரியாகப் போன சாமானுக்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

அதனால் காகிதத்தை நீங்களே உண்டாக்குங்கள். கழற்றுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். சீட்டுக்குக் கீழே ஃப்ரேமில் உள்ள நம்பர், முன்னால் உள்ள பேட்ஜ், ஹப்பில் உள்ள எண், சீட்டின் பக்கத்தில் உள்ள முத்திரை, விளக்கு, மணி. ராலியின் பெடல் பல்சக்கரத்தில் நாரைத் தலைகள் இருக்கும், அதையும் எடுங்கள். உங்கள் ராலியின் பேட்ஜில் நாட்டிங்ஹாம் என்றே இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது, இந்தியாவில் அசன்சோலில் செய்த சென்-ராலி இல்லை. (அதுவும் நல்ல சைக்கிள்தான்.)

ஹெர்குலிஸ் விஷயத்தில் மட்டும் வீட்டுப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அது பினாங்கைப் பார்த்ததே இல்லை. பேட்ஜில் மெட்ராஸ் என்று இருக்கிறது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் சரக்கு. 1949-இல் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்கு ஊர் உங்கள் பக்கத்துப் பள்ளத்தூர். கப்பலில் வராவிட்டால் என்ன, சொந்த ஊர்ச் சைக்கிள்.

பெயிண்ட் ஏன் கூடாது? உங்கள் ராலியின் கறுப்புக்கு மேல் ஓடும் மெல்லிய தங்கக் கோடு, சீட் குழாயில் பாதி அழிந்த எழுத்து, இவைதான் அது 1952-ஐச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி. பவுடர் கோட்டிங்குக்கு முன் மணல் வீசி அடித்துச் சுரண்டுவார்கள். கோடும் எழுத்தும் அதோடு சரி. அப்புறம் அது ஓட்டல் வரவேற்பறையில் பூத்தொட்டி வைக்கிற சைக்கிள்தான். பெட்ரோலும் தின்னரும் பெயிண்ட் மேல் படவே கூடாது. சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, காய்ந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, போதும். ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் உள்ள துருவைச் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். தோல் சீட்டை யாராவது எண்ணெயில் ஊற வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், தொட்டில் மாதிரித் தொங்கிவிடும்.

வேலைக்கு ஊரில் உள்ள பழைய சைக்கிள் கடைக்காரரையே கூலி பேசி வீட்டுக்கு வரவழையுங்கள். திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, இரண்டு கிண்ணம் வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைப்பது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை, டயர், டியூப் இவ்வளவுதான் வேலை. பதினெட்டாயிரத்தின் பக்கத்தில்கூடப் போகாது. எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை மட்டும் நான் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போன ராலிகளை நான் எண்ணி முடித்ததில்லை. பெடல் அச்சு ஃப்ரேமுக்குள் இரண்டு கப்புகளுக்கு நடுவே சுற்றுகிறது. கப் மரையோடு ஃப்ரேமில் திருகி ஏறியிருக்கும். கடையில் சாதாரணமாக விற்கிற கப்பில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலியிலோ 26. அது அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட அளவு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. புதுக் கப் இரண்டு சுற்று சுகமாக ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். நம் ஆள் "துரு பிடிச்சிருக்கு" என்று சொல்லி ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி அழுத்துவார். கப் ஏறிவிடும், ஆனால் ஃப்ரேமின் மரையைத் தின்றுகொண்டு ஏறும். ஒரு மாதத்தில் கப் ஆடும், அதற்குப் பிறகு பழைய கப்பும் நிற்காது, புதுக் கப்பும் நிற்காது. ஆகவே அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "கப் மாற்றக் கூடாது, குண்டும் கிரீஸும் மட்டும்." பழைய கப்பில் குழி விழுந்திருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கரகரவென்று ஓடட்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கப்புக்கும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால், பழைய கப்பையும் புதுக் கப்பையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல் பொருந்தி உட்கார்ந்தால் ஒரே மரை, நடுவே வெளிச்சம் கசிந்தால் வேறு. உங்கள் ஹெர்குலிஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெடல் கம்பியைப் பிடிக்கும் காட்டர் பின்னை அடிக்கும்போது அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். புதுக் காட்டர் போட்டால், முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் நட்டை இன்னொரு முறை முடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதில்.

புரோக்கர் மறுபடியும் வருவார். "இது பழம்பொருள், அரசாங்கத்தில் பதியாவிட்டால் வம்பு" என்பார். 1972-ஆம் வருடச் சட்டப்படி இப்படிப்பட்ட சாமானுக்கு நூறு வயது ஆக வேண்டும். உங்கள் ராலி அதைத் தொட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. அது போகட்டும். வளவு வீட்டுச் சாமான் என்பதால் மற்றப் புள்ளிகளிடமும், அதாவது வீட்டில் பங்குள்ள மற்றக் குடும்பங்களிடமும், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரு பங்காளி சரி என்று தலையாட்டினால் போதும், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிற ஆட்கள் இவர்கள்.

மகள் விஷயம். இரண்டு காலும் தரையில் படும்படி பாருக்கு மேல் நிற்க முடிந்தால் ஹெர்குலிஸை ஓட்டலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் ஏறினார்கள். கால் எட்டாவிட்டால் வீம்பு வேண்டாம், இப்போதைக்கு ஒரு வாடகைச் சைக்கிள் போதும். இந்தச் சைக்கிள்களில் உள்ள ராட் பிரேக், அதாவது இரும்புக் கம்பியால் இழுக்கிற பிரேக், உடனே பிடிக்காது, ரிம் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. மழை நாளில் எடுக்காதீர்கள்.

திருமயம் நெடுஞ்சாலை வேண்டாம். கோட்டையூரிலிருந்து பள்ளத்தூர் வழியாகவே கானாடுகாத்தான் போங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஊருணிக் கரையில் ஆள் குளிக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். குறுக்கு வழி என்று கண்மாய்க் கரையில் மட்டும் இறங்காதீர்கள், செம்மண்ணில் சீமைக் கருவேல முள் கண்ணுக்கே தெரியாது. பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், அப்புறம் வால்வுக்குள் மாட்டுகிற ரப்பர் வால்டியூப் இரண்டு அங்குலம். கடைசியாகச் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது, சனிக்கிழமையே வாங்கி சீட் பைக்குள் போட்டுவிடுங்கள்.