கூட்டினால் 128 வருகிறதே!

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் என் அம்மா பழம் பறிக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன்; எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். முதல் நாள் அறிமுகத்தில் அம்மாவின் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டு, பொதுவாக 'விவசாயம்' என்று சொல்லிவிட்டேன். பைத்தான் என்ற நிரல்மொழிக்கான ஆய்வகத்தில் 12, 8 ஆகிய எண்களைக் கூட்டும் நிரல் எழுதியபோது 128 என்று விடை வர, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேல்நிலையில் கணினி அறிவியல் படிக்காத எனக்கு இந்தப் பாடம் வருமா?

- முதலாண்டு மாணவர், ஏற்காடு

பதில்: வரும், தம்பி. முதலில் அந்த 128ஐப் பார்த்துவிடுவோம். விசைப்பலகையில் நாம் எதை அடித்தாலும் 'இன்புட்' என்ற கட்டளை அதை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகவே (வரிசையாக நிற்கும் வெறும் எழுத்துகளாகவே) வாங்கிக்கொள்ளும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் பைத்தான் அவற்றைக் கூட்டாமல் அடுத்தடுத்து ஒட்டிவிடும். 'இன்ட்' இட்டு முழு எண்ணாக மாற்றிக்கொண்டு கூட்டுங்கள், 20 வரும். முதலாண்டு வகுப்பெடுக்கும் நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும் பிழை இது. கணினி அறிவியல் படித்து வந்தவர்களும் செய்வதுதான்.

அவர்களுக்கு உங்களைவிட இருக்கும் முன்னறிமுகம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே பைத்தான் படித்துவிட்டார்கள் என்பது மட்டுமே. அதே புத்தகம் தமிழ் வழியிலும் இருக்கிறது; ஊர்ப் பள்ளியில் கேட்டு வாங்கி, மாறி, மடக்கு ஆகிய பகுதிகளைத் தமிழிலேயே படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

மடக்கு உங்களுக்குப் புதிதும் அல்ல. மாலையில் அம்மாவின் பழம் எடை போடப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எடை தொடங்கும் முன் மொத்தம் 0. முதல் மூட்டை 12 கிலோ என்றால் மொத்தம் 12, அடுத்தது 8 என்றால் 20, அதற்கடுத்தது 15 என்றால் 35. மூட்டை தீரும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மடக்கு, கூடிக்கொண்டே போகும் அந்தக் கணக்குதான் மாறி. 'மொத்தம் = 0' என்ற வரியைத் தவறுதலாக மடக்கின் உள்ளே எழுதிவிட்டால், ஒவ்வொரு மூட்டைக்கும் பழைய கணக்கு அழிந்து, கடைசியில் 15 மட்டுமே மிஞ்சும். கணினியைத் தொடும் முன் இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பைத் தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், வீட்டில் கணினி இல்லாதது பெரிய குறையாகாது. (பைத்தான் 3இல் மாறிக்கு 'மொத்தம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், வைத்துப் பாருங்கள், நிரல் ஓடும்.)

அறிமுகத்தில் சொன்னதை எண்ணி வருந்த வேண்டாம். புது இடத்தில் அந்தக் கூச்சம் யாருக்கும் வரும். ஆனால் அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அம்மாவிடம் ஒரு வாரத்து எடைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அவருடைய கூலியைக் கணக்கிடும் நிரலை ஆய்வகத்தில் எழுதுங்கள். யாராவது கேட்டால் எதன் கணக்கு என்று சொல்லுங்கள். எடையில் அரைக் கிலோவும் வரும் என்பதால் அங்கே 'இன்ட்' போதாது, 12.5 என்று அடித்தால் பிழை காட்டி நின்றுவிடும். புள்ளி வைத்த எண்களையும் ஏற்கும் 'ஃப்ளோட்' இடுங்கள்.