தோழி தைத்த போர்வையை ஏன் கட்டி வைத்தீர்கள்?

கேள்வி: நானும் என் தோழியும் ஏழு ஆண்டுகளாகத் தீபாவளிக்குக் கையால் செய்த பொருளைத்தான் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறோம். நான் குரோஷா பின்னுவேன், அவள் நன்றாகத் தைப்பாள். போன தீபாவளிக்குத் துண்டுத்துணிகளை இணைத்து ஒரு பெரிய போர்வை தைத்துக் கொடுத்தாள். மூன்று மாத வேலை. அழுக்காகிவிடுமே என்று பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நான் கொடுத்தது ஓர் உல்லன் சால்வை. சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது அது மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. மனசு சங்கடப்பட்டது. இந்த ஆண்டு அவளுக்கு ஈடாகப் பெரிதாக ஏதாவது பின்னட்டுமா, இல்லை தேக்காவில் நல்ல சேலை வாங்கிக் கொடுத்து இந்தப் பழக்கத்தையே நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் வீட்டில் சால்வை மடிப்புக் கலையாமல் இருந்தது உங்களுக்கு வலிக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் அவருடைய போர்வை எங்கே இருக்கிறது? நாளைக்கே அவர் வந்து மேல்தட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பிடிக்காததால் நீங்கள் அதை எடுத்து வைக்கவில்லை, பொத்திப் பாதுகாக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

இன்னொரு காரணமும் இருக்கலாம். உல்லன் என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெக்கையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு யார் நடப்பார்கள்? இங்கே சால்வை தேவைப்படுவது குளிரூட்டிய அலுவலகத்திலும் சினிமா அரங்கிலும்தான். அதற்கு மெல்லிய பருத்தி நூலே போதும். உங்கள் கைவேலையில் குறை இல்லை. நூல்தான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூன்று மாத உழைப்புக்கு நீங்கள் நான்கு மாத உழைப்பைக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அவர் என்ன செய்வார்? 1942இல் இதே சிங்கப்பூரில், சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் போர்வைகள் தைத்தார்கள். ஆளுக்கு ஒரு சிறிய சதுரத் துணி, அதில் அவரவர் பெயரும் பூத்தையலும். அப்படி 66 சதுரங்களை இணைத்தது ஒரு போர்வை. இன்றும் மூன்று போர்வைகள் பாதுகாக்கப்படுகின்றன. வேறு முகாமில் இருந்த ஆண்களின் மருத்துவமனைக்கு அவற்றை அனுப்பினார்கள். கணவன் பார்ப்பதற்கு, தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல, ஒரு பெண்ணுக்கு அந்த ஒற்றைச் சதுரம் போதுமாக இருந்தது. உங்கள் தோழிக்கும் உங்களிடமிருந்து பெரிதாக எதுவும் வேண்டியிருக்காது.

சேலை வாங்கித் தருவதில் தவறே இல்லை. ஆனால் ஏழு ஆண்டுப் பழக்கத்தை ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்திவிட்டுச் சேலையை நீட்டினால், தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவர் தவித்துப் போவார்.

சின்னதாக ஒன்று பின்னுங்கள், தினமும் கைபடுவதாக இருக்கட்டும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணி நல்ல யோசனை. ஆனால் முழுக்கப் பருத்தி நூலாகவே இருக்க வேண்டும், அக்ரிலிக் சூட்டில் உருகிவிடும். குரோஷா பின்னலின் இடைவெளிகள் வழியே சூடு கையில் ஏறும், அதனால் இரண்டு அடுக்காகப் பின்னுங்கள். சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் பக்கம் போனால் பருத்தி நூல் கிடைக்கும். ஓரத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் ஆண்டையும் வண்ண நூலில் போட்டுவிடுங்கள்.

என் மகள் பிறந்தபோது என் தோழி ஒருத்தி பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, வங்காளத்துக் காந்தா போல ஓட்டுத்தையல் போட்டு, ஒரு விரிப்புக் கொடுத்தாள். தூங்கவும் விளையாடவும் அதுதான். துவைத்துத் துவைத்து ஓரமெல்லாம் நைந்துபோனது. அதை அவளிடம் காட்டவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அவள் பார்த்ததும் வாங்கிக்கொண்டு போய், ஓரம் முழுக்கப் புதுத்துணி வைத்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, முதலில் அதைக் கொடுத்த நாளில்கூட நான் பார்க்கவில்லை.

சரி, இப்போது அந்த மேல்தட்டுக்கு வாருங்கள். பிளாஸ்டிக் பை நம் ஊர் ஈரப்பதத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். இன்றே வெளியே எடுத்து, சோபாவில் விரித்துப் போட்டுப் பயன்படுத்துங்கள். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி நிழலில் காயவையுங்கள். ஈரமான போர்வை நல்ல கனம் இருக்கும். ஒரே மூங்கில் கழியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும், இரண்டு கழிகளில் பரப்பிப் போடுங்கள். அடர்நிறத் துண்டுகள் சாயம் விடுமா என்பது தைத்தவருக்குத்தான் தெரியும். அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள், "உன் போர்வையைத் துவைக்கப் போறேன், சாயம் போகுமா?" என்று. அப்புறம் அந்தச் சால்வையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.